ஜெனிஷா ஹாஸ்டலுக்குப் போகமாட்டாள்

ஆவூர்,
18-5-2025

மாதாவின் கை எப்போதும் மேலிருக்க வேண்டும் என்று நான் தினமும் கேட்டுக்கொள்கிற ஜெனிஷா அப்பாவுக்கு, டயானா அன்போடு எழுதுவது.

இங்கே நானும் ஜெனிஷாவும் மாமாவும் சுகம். உங்கள் சுகத்தைப் பற்றி உங்கள் ரூமில் இருக்கிற மெல்வின் தம்பி சொன்னதைக் கேட்டதிலிருந்து மனது சரியில்லை. அதைப் பின்னால் எழுதுகிறேன். மெல்வினுக்கு லீவு முடிந்துவிட்டது, வியாழக்கிழமை திருச்சியில் ஃப்ளைட் ஏறுகிறான். அவன் கையில்தான் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் நீங்கள் குறுக்கே வருவீர்கள். நீங்கள் வராவிட்டால் சிக்னல் போய்விடும். இரண்டும் ஒழுங்காக இருக்கிற நேரத்தில் ஜெனிஷா பக்கத்தில் வந்து நிற்பாள். காகிதத்தில் உங்களால் குறுக்கே பேச முடியாது. கோபம் வந்தாலும் கடைசி வரைக்கும் படியுங்கள்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதம் ஜெனிஷா திருச்சி ஹாஸ்டலுக்குப் போகமாட்டாள். நீங்களும் உங்கள் அக்கா ஞானமணி அண்ணியும் போனிலேயே பேசி முடித்துவிட்டீர்கள். பெட்டி எப்போது வாங்கப்போகிறாய் என்று அண்ணி என்னைக் கேட்ட பிறகுதான் எனக்கு விஷயமே தெரியும். ஆறாம் வகுப்புக்கு இங்கேயே பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அவளைச் சேர்த்துவிட்டேன். ஹாஸ்டலில் இருக்கிற சிஸ்டருக்கும் நானே போன் செய்து, எங்கள் பிள்ளை வரவில்லை, அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல்தான் செய்தேன். நீங்களும் என்னைக் கேட்டுக்கொண்டு செய்யவில்லை.

படிப்புக்காக என்று நீங்கள் சொல்லியிருந்தால் நானும் உட்கார்ந்து யோசித்திருப்பேன். அண்ணி உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். "அங்க அளந்துதான் போடுவாங்க டயானா, மூணே மாசத்துல எளைச்சுருவா. ஒங்கிட்ட இருந்தா இன்னும் ஊதிக்கிட்டுத்தான் போவா" என்றார். பத்து வயதுப் பிள்ளையை உடம்பைக் குறைப்பதற்காக வீட்டை விட்டு அனுப்புவதா? அவள் என்ன தப்புச் செய்துவிட்டாள்? அவள் எடை கூடியிருப்பது எனக்கும் தெரியும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறாள், கழுத்து கறுத்திருக்கிறது, எனக்குக் கண் இல்லையா? நான் கவலைப்படாமல் இருக்கிறேன் என்று அண்ணி உங்களிடம் சொல்லியிருந்தால் அது பொய்.

பிப்ரவரியில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கெல்லாம் எடை பார்த்தபோது டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மறுவாரமே புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போய்க் குழந்தைகள் டாக்டர் சுகுணாவிடம் காட்டினேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பயப்படும்படி ஒன்றும் இல்லை, ஆனால் இப்படியே விட்டால் வயதுக்கு வருவதற்குள் சர்க்கரை எட்டிப்பார்க்கும் என்றார். திட்டுவார் என்று பயந்துகொண்டு போனேன், அவர் திட்டவில்லை. காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் என்னென்ன செய்கிறாய் என்று ஜெனிஷாவிடமே கேட்டார். இவளும் கதை சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டே வந்தாள். நாலரை மணிக்கு வந்ததும் டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். "மத்தியானம் ஸ்கூல்ல சாப்பிட்டுட்டு நாலரைக்கு மறுபடியும் சோறா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் பெருமையாக, "அவங்க அப்பா கொவைத்துல அப்பத்தான் மத்தியானச் சாப்பாட்டுக்கு உக்காருவாங்க டாக்டர். வீடியோல ரெண்டு பேரும் சேந்து சாப்பிடுவாங்க" என்றேன்.

சொல்லி முடிக்கும்போதே எனக்கு உறைத்துவிட்டது.

நீங்களும் யோசித்துப் பாருங்கள். நீங்கள் போய் இத்தனை வருஷத்தில் பிள்ளையோடு சேர்ந்து செய்கிற ஒரே காரியம் அந்தச் சாப்பாடுதான். உங்கள் தட்டில் குப்பூஸ் ரொட்டியும் குழம்பும், இவள் தட்டில் சோறும் முட்டையும். "அப்பா ஒரு வாய், பாப்பா ஒரு வாய்" என்று மூன்று வயதில் ஆரம்பித்தது. நீங்கள் ஒரு வாய் வைத்தால் இவளும் வைப்பாள். நீங்கள் கம்பி கட்டுகிற வேலை செய்துவிட்டு வந்த பசியில் சாப்பிடுகிறீர்கள். இவள் பள்ளிக்கூடத்தில் சாப்பிட்ட சாப்பாடு வயிற்றில் இருக்கும்போதே உங்களுக்குச் சமமாகச் சாப்பிட்டாள். தட்டில் மிச்சம் வைத்தால் உங்கள் முகம் வாடும் என்று அவளுக்குத் தெரியும். ஊர்ப் பிள்ளைகள் கோயில் திடலில் ஓடி ஆடுகிற நேரமும் அதுதான். இதற்காக உங்களைக் குற்றம் சொல்லமாட்டேன், உங்களையும் யாரும் சொல்லவிடமாட்டேன். தட்டைக் கழுவி எடுத்து வைத்தது நான்தானே. ஆனால் அது தெரிந்த பிறகும் அப்படியே விட்டால்தான் குற்றம்.

டாக்டரம்மா சொன்னது ரொம்ப எளிது. வளர்கிற பிள்ளையைப் பட்டினி போடக்கூடாது, அவளுக்கு மட்டும் தனிச்சாப்பாடு வைக்கக்கூடாது, வீடு முழுக்க ஒரே சாப்பாடு சாப்பிடுங்கள் என்றார். கலர்த் தண்ணீர், ஜூஸ் பவுடர், பாக்கெட் தீனி வீட்டுக்குள் வர வேண்டாம். தினமும் வேர்க்க வேர்க்க விளையாட வேண்டும், நேரத்தோடு தூங்க வேண்டும். எடை குறைய வேண்டும் என்றுகூட அவசியமில்லை, இப்போதைக்கு ஏறாமல் நின்றால் போதும், உயரம் வந்து சரிபண்ணிவிடும் என்றார். நீங்களும் அண்ணியும் ஆளுக்கொரு பக்கம் சொன்ன உடம்பு குறைக்கிற பவுடரைப் பற்றியும் கேட்டேன். பிள்ளைகளுக்கு அந்தக் கண்றாவியைக் கொடுக்காதே என்று சொல்லிவிட்டார். அண்ணி கொடுத்துவிட்ட டின்னை மூடி திறக்காமல் அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அதற்குத்தான் என் மேல் வருத்தம். இருக்கட்டும்.

வீடு முழுக்க ஒரே சாப்பாடு என்றதும் முதலில் கொடி பிடித்தது உங்கள் அப்பா. சாயங்காலம் டிவி முன்னால் மிச்சர் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பேத்திக்கு ஒரு கை, தனக்கு ஒரு கை என்று சாப்பிடுகிறவர் அவர். "தைரியநாதன் வீட்ல தைரியநாதனுக்கே மிச்சர் கெடையாதா?" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தாராளமாகத் தின்னுங்கள் மாமா, ஆனால் பஸ் ஸ்டாப் டீக்கடைக்கு நடந்து போய்த் தின்றுவிட்டு நடந்து வாருங்கள் என்றேன். ரோஷத்தில் போக ஆரம்பித்தார். இப்போது முட்டி வலி கொஞ்சம் தேவலை என்கிறார். ஆனால் அது என்னால்தான் என்று மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டார்.

நீங்கள் நினைப்பது போல நான் யாரையும் பட்டினி போடவில்லை. இட்லி, தோசை, சோறு எல்லாம் உண்டு. சோற்றைக் கொஞ்சம் குறைத்துக் காயைக் கூட்டியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக் கறியை நிறுத்தவில்லை, பயப்படாதீர்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவித்த கடலையோ கொய்யாவோ மோரோதான். ராத்திரி டிவியை அமர்த்திவிட்டு மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். முதல் வாரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு என்ன பேசுவதென்றே தெரியவில்லை. இப்போது ஜெனிஷா வாய் மூடுவதில்லை. வகுப்பில் பிள்ளைகள் தன்னை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் அப்படித்தான் ஒரு நாள் சொன்னாள். அந்தப் பெயரை நான் இங்கே எழுதமாட்டேன். இனி நம் வீட்டில் யாரும் அவளைக் குண்டு, பூசணி என்று செல்லமாகக்கூடக் கூப்பிடக் கூடாது. நீங்களும்தான்.

விளையாட்டு விஷயத்தில்தான் ஊரே என்னைப் பார்த்துச் சிரித்தது. சாயங்காலம் இவளைத் திடலுக்குக் கூட்டிப்போனால், பெரிய மனுஷி ஆகப்போகிற பிள்ளைக்கு என்ன ஓட்டம் என்று கேட்கிறார்கள். அதே வாய்தான் இவள் ஏன் இப்படி ஊதிப்போயிருக்கிறாள் என்றும் கேட்கிறது. ஓடவும் கூடாது, பருக்கவும் கூடாது என்றால் பிள்ளை எங்கேதான் போகும்? தனியாக ஆடக் கூச்சப்பட்டாள் என்று நானே இறங்கினேன். முப்பத்தைந்து வயதில் சுடிதாரைப் போட்டுக்கொண்டு ஸ்கிப்பிங் ஆடினேன். முதல் நாள் கயிறு காலில் சிக்கிக் குப்புற விழுந்தேன், ஜெனிஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. இப்போது தெருவில் இன்னும் சில பிள்ளைகளும் அவர்கள் அம்மாக்களும் வருகிறார்கள். ஏன் இப்போதெல்லாம் போனில் படம் ஆடுகிறது என்று கேட்டீர்களே, ஜெனிஷா பின்னால் நானும் போனைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறேன், ஆடாமல் என்ன செய்யும்? நீங்கள் பாட்டுக்குச் சாப்பிடுங்கள், நாங்கள் பாட்டுக்கு ஓடுகிறோம்.

மெல்வின் கொண்டுவந்த கார்ட்டன் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் கயிறு கட்டிய அழகைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. தைலம், சோப்பு, போர்வை, மாமாவுக்கு டார்ச் எல்லாம் எடுத்துக்கொண்டேன். சாக்லேட்டையும் பால்பவுடரையும் ஆரஞ்சுப் பவுடரையும் ஜெனிஷாவையே விட்டுத் தெருப் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்தேன். அவளுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆளுக்கொன்று தின்றால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஒரே பிள்ளை ஒரு பெட்டியைத் தின்றால்தான் ஆகும். அடுத்த தடவை பெட்டி அனுப்ப வேண்டாம். கட்டாயம் ஏதாவது அனுப்பத்தான் வேண்டும் என்றால் அவள் கால் அளவு சொல்கிறேன், நல்ல ஷூ அனுப்புங்கள்.

தேர் அன்று நடந்ததை அண்ணி உங்களிடம் எப்படிச் சொன்னாரோ தெரியாது, நான் நடந்தபடி எழுதுகிறேன். முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கிய பிள்ளைகள் மாதா தேருக்கு முன்னால் பூத்தூவிக்கொண்டு போகவேண்டும். அண்ணி திருச்சியிலிருந்து வெள்ளை கவுன் வாங்கிவந்தார். வயதைச் சொல்லி வாங்கியிருக்கிறார். முதுகில் ஜிப் ஏறவில்லை. சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "இந்த வருசம் நீ ஓரமா நில்லும்மா. பூத்தூவுற பிள்ளைக ஒண்ணுபோல இருந்தாத்தான் பாக்க லட்சணமா இருக்கும். எளைச்சுட்டு அடுத்த வருசம் தூவலாம்" என்றார். ஜெனிஷா அழவில்லை. சரி அத்தை என்று சொல்லிவிட்டுக் கூடையைக் கீழே வைத்தாள். அவள் அழுதிருந்தால்கூட நான் பொறுத்துப் போயிருப்பேன்.

நான் அந்தக் கவுனை மடித்து அண்ணி கையில் கொடுத்தேன். ஜெனிஷாவுக்கு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போடுகிற மஞ்சள் சுடிதாரைப் போட்டுவிட்டு, கூடையை அவள் கையில் கொடுத்து வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினேன். என் பிள்ளை லட்சணமாகத்தான் இருக்கிறாள், பிடிக்காதவர்கள் தேரைப் பார்க்கட்டும் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். பங்குச் சாமியார் திரும்பிப் பார்த்துவிட்டு ஜெபத்தை ஆரம்பித்தார். கூட வந்த பிள்ளைகள் இரண்டு பேர் வெயில் தாங்காமல் பாதியில் அப்பாவின் பைக்கில் ஏறிக்கொண்டார்கள். ஜெனிஷா தேர் நிலைக்கு வருகிற வரைக்கும் நடந்தாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால், பேசாதீங்கம்மா, பூ தீர்ந்துபோச்சு, பூ கொண்டாங்க என்றாள். அந்த வீடியோவைத்தான் மெல்வின் உங்களுக்கு அனுப்பினான். மஞ்சள் சட்டையில் ஏன் நிற்கிறாள் என்று மட்டும் கேட்டீர்கள்.

போன வாரம் மறுபடியும் புதுக்கோட்டைக்குப் போனோம். எடை இறங்கவில்லை. ஏறவும் இல்லை, உயரம்தான் கூடியிருக்கிறது. டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு என்னைத் தனியாக உட்காரவைத்து, இந்தப் பிள்ளை வீட்டில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று கேட்டார். ஏன் கேட்டார் என்றால், அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நான் சொல்லியிருந்தேன். உங்களிடம்தான் சொல்லவில்லை. மெல்வினிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். இப்போது சொல்கிறேன், மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். பிள்ளை நன்றாக இருக்கிறாள்.

அன்றைக்குப் பூசையில் சாமியார் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போது ஜெனிஷா மயங்கி விழுந்துவிட்டாள். மெல்வின்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். குளுக்கோஸ் ஏற்றிய நர்ஸ், இந்தப் பிள்ளை வயிற்றில் ஒன்றுமே இல்லையே என்று என்னைத் திட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் கொல்லையில் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற தொட்டியில் அவளுக்குக் காலையில் வைத்த இட்லி கிடக்கிறது. முந்தின நாள் ராத்திரிச் சோறும், நான் அடுப்படிக்கு எழுந்துபோன நேரத்தில், ஆட்டுக்குத்தான் போயிருக்கிறது. பக்கத்தில் படுத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டேன். "அப்பா சொன்னாங்கம்மா, நல்லா எளைச்சுக் காட்டு, கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் போடுறேன்னு. ஹாஸ்டலுக்குப் போனாச் சீக்கிரம் எளைச்சுரலாமாம். அதுக்கு முன்னாடி நானே கொஞ்சம் எளைச்சுட்டேன்னா அப்பா இன்னும் சீக்கிரம் வந்துருவாங்கள்ல?" என்றாள். நீங்கள் போனபோது அவளுக்கு மூன்று வயது. நடுவில் ஒரு தடவை ஒரு மாதம் வந்துபோனீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் ஏன் வரவில்லை என்று அவள் யாரிடமும் கேட்டதில்லை. தன் உடம்பைப் பார்த்துத்தான் நீங்கள் வரவில்லை என்று மனதுக்குள் முடிவு செய்துவைத்திருக்கிறாள்.

நீங்கள் விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பீர்கள். எனக்குத் தெரியும். உங்களைப் போலப் பிள்ளை மேல் உயிரை வைத்திருக்கிறவர் ஆவூரில் இல்லை. ஆனால் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். விடிந்ததும் ஹாஸ்டலுக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொன்னேன். இனி அண்ணி வந்தாலும், பங்குச் சாமியார் வந்தாலும், நீங்களே நேரில் வந்து சொன்னாலும் அவள் என்னை விட்டுப் போகமாட்டாள்.

மெல்வின் இன்னொன்றும் சொன்னான், அவனைத் திட்டாதீர்கள், நான்தான் கிண்டிக் கிண்டிக் கேட்டேன். உங்களுக்குச் சர்க்கரை வந்து ஒரு வருஷம் ஆகிறதாம். மாத்திரை சாப்பிடுகிறீர்களாம். தொப்பை போட்டு முகம் ஊதிப்போய், ஊருக்குப் போனால் எல்லாரும் என்ன சொல்வார்கள் என்று அவனிடம் சொல்லிச் சிரித்தீர்களாம். போனில் கழுத்துக்கு மேலே மட்டும் காட்டுவது இதற்குத்தானா? டாக்டரம்மா வீடு முழுக்க என்றார், குவைத்தில் இருந்தாலும் நீங்களும் இந்த வீடுதான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் ரூமைச் சுற்றிக் கொஞ்சம் நடங்கள், மாத்திரையை விடாதீர்கள். மெல்வின் பையில் வறுத்த கேப்பை மாவும் கருவாடும் வைத்திருக்கிறேன், முறுக்கு அதிரசம் எதுவும் வைக்கவில்லை, தேடாதீர்கள்.

நான் உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை லீவு நாளில் ஜெனிஷாவைக் கூப்பிடுங்கள். என்ன சாப்பிட்டாய், எவ்வளவு குறைந்திருக்கிறாய் என்று கேட்காதீர்கள். அப்பா டிக்கெட் போட்டாச்சு என்று மட்டும் சொல்லுங்கள். கிறிஸ்துமஸுக்கு முடியாவிட்டால் அடுத்த ஈஸ்டர் பாஸ்காவுக்குப் போடுங்கள், ஆனால் தேதியைச் சொல்லுங்கள். அவள் இப்போது எப்படி இருக்கிறாளோ அப்படியே அவளைப் பார்க்கத்தான் வருகிறேன் என்று உங்கள் வாயால் அவள் கேட்க வேண்டும். நீங்களும் எப்படி இருக்கிறீர்களோ அப்படியே வாருங்கள். இந்த வீட்டில் யாரையும் எடை போட்டு உள்ளே விடுகிற வழக்கம் இல்லை, அதைக் கொண்டுவர நான் யாரையும் விடப்போவதும் இல்லை.

மாதா உங்களைச் சுகமாக வைத்து, காத்திருக்கிற பிள்ளையிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
டயானா